துவரம்பயற்றுக்கு ஒரு டோலி

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பள்ளிக்கூடத்துக்கென்று மேலிடத்தார் கொடுத்த சுவர்க் கடிகாரம், பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிற காரணத்தால் என் வீட்டில்தான் மாட்டியிருந்தது. அதனால் நேரத்தில் சந்தேகமில்லை. அந்த நேரத்தில்தான் என் மகள் மரகதம் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து, தலையைச் சாய்த்து, வலது காதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, செடி வந்திருச்சா பாருங்க."

"எந்தச் செடி கண்ணு?"

"துவரைங்கப்பா. திங்கக்கெழம நட்டேன். தெனமும் தண்ணி ஊத்தறேன், இன்னும் வெளிய வரவே மாட்டேங்குது."

நான் அப்போது கொல்லிமலையில், திருப்புலி நாடு என்கிற பகுதியின் ஊர் ஒன்றில், ஒற்றை வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் மலையடிவாரம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அந்தத் திங்கட்கிழமை இரண்டாம் வகுப்புக்கு, விதை முளைப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று பாடம் எடுத்திருந்தேன். இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம். பலகையில் எழுதி, மூன்று தடவை உரக்கச் சொல்லவும் வைத்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியே ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பாடத்தை முழுமனதோடு வாங்கிக்கொண்டு போய், இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் உள்ள இடம் எது என்று யோசித்திருக்கிறாள். (கெட்டிக்காரி. யார் பெற்ற பிள்ளை!)

மரகதம் எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று இரண்டு பக்கத்து உறவினரும் முடிவு கட்டியபிறகு பிறந்தவள். அவள் தும்மினால் எனக்கு ஜுரம் வரும். அவள் ஓடினால் நான் இங்கே விழுவேன். அப்படிப்பட்டவனிடம் வந்து காதில் துவரை நட்டிருக்கிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? ஏதோ ஒரு பத்திரிகையில், காதில் பூச்சி நுழைந்தால் வெந்நீர் ஊற்றினால் வெளியே வந்துவிடும் என்று படித்தது சட்டென்று ஞாபகம் வந்தது. பூச்சிக்கும் பயற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை என் மூளை அந்த நேரத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டம்ளர் வெந்நீரைப் பதமாக ஆற்றி, தாராளமாக ஊற்றினேன்.

"ஏனுங்க, பயறு ஊறுனா உப்பிருமுங்களே?" என்றாள் என் மனைவி பழனியம்மாள்.

இதை ஊற்றுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். (சொன்னாளாம். எனக்குக் கேட்கவில்லையாம். அன்றைக்குக் காது கேட்காதவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர்.)

கொஞ்ச நேரத்தில் பிள்ளை வலியில் துடிக்க ஆரம்பித்தாள். பழனியம்மாளை அவள் இடது காதைப் பொத்தச் சொல்லி, பின்னால் போய் நின்று வலது பக்கமாகக் கைதட்டினேன். திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வருங்காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து பேச, இவள் ஒரு பக்கமாகவே தலையைத் திருப்பித் திருப்பி நிற்கிற காட்சி முழுவதும் கண்ணில் ஓடியது. அவளுக்கு வயது ஏழு.

நாமக்கல்லில் தர்மாஸ்பத்திரி இருந்தது. காசு கிடையாது. பழனியம்மாள் அங்கேதான் போகலாம் என்றாள். எனக்கோ அந்த நாளில் ஓர் அசைக்க முடியாத கொள்கை உண்டு: காசு வாங்காத டாக்டருக்கு நம் பிள்ளையின் காதும் ஒன்றுதான், கதவுத் தாழ்ப்பாளும் ஒன்றுதான். ரொக்கம் கொடுத்தால்தான் கை பதமாக இருக்கும். நல்ல வேளையாக (அப்படித்தான் நினைத்தேன்) அன்று மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிச் சந்தை. சந்தைதோறும் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் பஸ்ஸில் வந்து, ஒரு வீட்டின் முன்கட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து, சாயங்கால பஸ் வரும்வரை ஆட்களைப் பார்ப்பார். எல்லாம் ரொக்கம். கெட்டிக்காரர் என்று பெயர்.

மரகதத்துக்குத் தோடு செய்வதற்காகச் சேர்த்த பணம் கேழ்வரகு மாவுப் பானைக்குள் இருந்தது. பழனியம்மாள் கையை விட்டுத் துழாவி எடுத்து, மாவைத் தட்டி, என்னிடம் கொடுத்தாள்.

"காதுக்குன்னு சேத்தது. காதுக்கே போவுது. போயிட்டுப் போவுது, எடுத்துக்குங்க."

இதுவரை நடந்தது விபத்து. இனிமேல் நடந்ததெல்லாம் என் புத்திசாலித்தனம்.

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றாள் பழனியம்மாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செங்குத்தான பாதை; குலுங்கினால் பயறு மூளைக்குள் போய்விடும் என்று பயந்தேன். (மூளைக்கும் காதுக்கும் நடுவில் கதவு ஏதும் இருப்பதாக நான் படிக்கவில்லை.) ஊர்க்கவுண்டரிடம் ஓடிப்போய், டோலி வேண்டும் என்றேன். டோலி என்றால் பெரிய ஜோடனை ஒன்றுமில்லை. நீண்ட மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள்கொடுத்துத் தூக்குவது.

"டோலியா கேக்கறீங்க? நல்லா யோசிச்சுத்தான் கேக்கறீங்களா வாத்தியாரே?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"யோசிக்க நேரமில்லைங்க."

"செரிங்க. அப்ப ஊருக்குச் சொல்லிப்போடறேன்."

ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டோலி கட்டி முடிந்து மரகதத்தை உள்ளே படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் ஊரே நிற்கிறது. வீட்டுக்கு ஒருவர். ஆண்கள் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். பெண்கள் இடுப்பில் கூடை. ஒருவர் தன் நாயையும் அழைத்து வந்திருந்தார்.

அந்த ஊரில் டோலி தனியாக இறங்கக் கூடாது. துணையில்லாமல் இறங்குகிற டோலி திரும்பி ஏறாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே, ஒரு வீட்டிலிருந்து டோலி கிளம்பினால் எல்லா வீட்டிலிருந்தும் ஓர் ஆள் கூடப் போயாக வேண்டும். கூட வருகிறவர்களின் சகல செலவும் டோலிக்கு உடையவர் பொறுப்பு. முதல் பாதி எனக்கு அப்போதே தெரிந்தது. நெஞ்சு நெகிழ்ந்து கைகூப்பினேன். இரண்டாவது பாதி முழுதாகத் தெரியவர சாயங்காலம் ஆயிற்று.

இறங்க ஆரம்பித்தோம். வழியில் குடிசை தென்படும் இடத்திலெல்லாம் மேலேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"யாரு டோலி?"

"வாத்தியாரு டோலி!"

"என்ன நோவு?"

"புள்ள காதுல துவர மொளச்சிருக்குது!"

உடனே இரண்டு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொள்வார்கள். அடுத்த குடிசைத் திருப்பத்தில் துவரை இரண்டு இலை விட்டிருந்தது. அதற்கும் கீழே பூ வைத்திருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கியபோது எதிரே வந்த கிழவர் ஒருவர், "காயி புடிச்சிருச்சாமே, நெசங்களா?" என்று என்னிடமே கேட்டார். டோலிக்குள்ளிருந்து மரகதம் இடது காதால் இதைக் கேட்டுவிட்டு, அழுகையை நிறுத்தி, "அப்பா, காயி வந்திருச்சா?" என்றாள். பிறகு வலி ஞாபகம் வந்து மறுபடி அழுதாள்.

காரவள்ளியில் எல்லோரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இளைப்பாறுகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் பக்கத்தில் வந்து, மிகுந்த மரியாதையோடு, "டோலிக்கு உடையவரு எல்லாருக்கும் பசியாத்தற எடமுங்க இது" என்றார்.

கடையில் இருந்த பொரியும் கடலையும் வெல்லமும் அத்தனையும் வாங்கினேன். கடைக்காரர் சாக்கையும் உதறிக் கொடுத்தார்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தன சனம் வரலீங்க," என்றாள் பழனியம்மாள் என் காதருகே.

"வாயை மூடு புள்ள. அன்பா வந்திருக்காங்க."

"அன்புக்கு நல்லாப் பசிக்குதுங்க."

பேளுக்குறிச்சி போய்ச் சேரும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அழுது அழுது மரகதம் டோலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். டாக்டர் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் மூங்கில் கழியோடு வந்து நிற்பதைப் பார்த்ததும், கம்பவுண்டர் காலரா என்று பயந்து கதவைச் சாத்தினார். நான் கோட்டும் தலைப்பாகையுமாக முன்னால் போய் நின்று, காதில் பயறு என்று விளக்கிச் சொன்னபிறகுதான் திறந்தார். டாக்டர் தடித்த கண்ணாடி போட்டவர், சுறுசுறுப்பானவர். பிள்ளை தூங்குவதைப் பார்த்து, "அசதியிலே தூங்குகிறாள். எழுப்பினால் கத்துவாள். கொஞ்ச நேரம் தூங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என் குடும்ப நிதி முழுவதும் காலியாயிற்று.

ஊர்க்கவுண்டர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"உங்களுக்கு என்ன?" என்றார் டாக்டர்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"பின்னே?"

"வைத்தியரு வாசல மிதிச்சுப்போட்டு கையக் காட்டாமத் திரும்புனா, அது உங்கள அவமதிச்ச மாதிரிங்க. புடிச்சுப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போடுங்க."

டாக்டர் பிடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை; பித்தம் என்றார். அடுத்தவர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் சடையாயி என்கிற அம்மாள், பத்து வருஷத்து முட்டிவலியைப் பத்து வருஷமும் விட்டுப்போகாமல் விவரித்தார். ஒருவர் தனக்கு நோவில்லை, எருமைக்குத்தான் என்று சொல்லி எருமையின் சார்பில் கையை நீட்டினார். அதற்கும் மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான்: ரோஜா நிறத்தில் ஒரு தண்ணீர். யுத்த காலத்தில் புட்டி கிடைக்காது; அவரவர் கொண்டுவர வேண்டும். இவர்களிடம் புட்டி ஏது? ஊர்க்கவுண்டர் யோசித்து, யாரோ தண்ணீர் கொண்டுவந்த பெரிய சுரைக்குடுக்கையைக் காலி செய்து நீட்டினார்.

"எல்லாம் ஒரே நெறந்தானுங்களே. ஒண்ணாவே ஊத்திப்போடுங்க. ஊருக்குப் போயி பிரிச்சுக்கறோம்."

பித்தமும் முட்டிவலியும் எருமையும் ஒரே குடுக்கையில் இறங்கின.

நான் இதையெல்லாம் வேடிக்கை பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரவர் மடியில் மிளகு விற்ற காசு இருக்கும், கொடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். வரிசை முடிந்ததும் கம்பவுண்டர் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"என்ன?" என்றேன்.

"எல்லாரும் உங்க டோலி ஆளுங்கன்னு சொன்னாங்களே."

நான் ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். அவர் பெருமையோடு தலையாட்டினார். "ஆமாங்க. டோலி வாத்தியாரோடதுங்க. நாங்க யாருகிட்டயும் கை நீட்ட மாட்டோமுங்க."

காலையிலிருந்து சோறில்லாமல், தங்கள் வேலையைப் போட்டுவிட்டு, என் பிள்ளையைத் தோளில் சுமந்து மலையிறக்கிக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் முன்னால் நின்று, இந்த எருமைக்கு நான் கொடுக்கமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பையைத் திறந்தேன். கேழ்வரகு மாவு ஒட்டிய ரூபாய்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியில் பையில் மாவுதான் இருந்தது.

அப்போதுதான் மரகதம் விழித்து, வீரிட்டு அழுதாள்.

டாக்டர் அவள் காதில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "வாத்தியாரே, இது முளையே விட்டிருக்கிறது. உள்ளே நன்றாக உப்பி அடைத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே எடுத்தாக வேண்டும். இரண்டு நாள் போனால் சீழ் கட்டும், சவ்வு போய்விடும். அப்புறம் அந்தக் காது அவ்வளவுதான்."

"எடுங்க டாக்டர், உடனே எடுங்க."

"ஆயுதம் போட்டு எடுக்கிற வேலை. அதற்குத் தனி. முன்பணம்." மணியைப் பார்த்தார். "சீக்கிரம். பஸ் வந்துவிடும்."

நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். கோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, முழங்கையில் இருந்த கிழிசலில் விரலை விட்டு, திரும்ப வைத்தார். "நான் என்ன தர்மாஸ்பத்திரியா நடத்துகிறேன்? இன்றைக்கு விட்டால் அடுத்த சந்தைக்குத்தான் வருவேன்" என்று சொல்லிக்கொண்டே கருவிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். காலையில் ரொக்கம் என்றால் கை பதமாக இருக்கும் என்று பேசியவன் நான்தான். இப்போது அவர் காலில் விழுவதா, பெட்டியைப் பிடுங்குவதா என்று தெரியாமல் நின்றேன். பழனியம்மாள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பிள்ளையின் கத்தல் கேட்டு ஊர்க்கவுண்டர் உள்ளே வந்தார். "ஏனுங்க இன்னும் எடுக்கல?"

சொன்னேன். அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத குரலில் பேசினார்.

"எங்க மலையில நோவு போனதுக்கப்புறந்தானுங்க வைத்தியருக்குக் கூலி. நீங்க முன்னாடியே வாங்கிக்கிட்டீங்க. அது உங்க பழக்கம், தப்பில்லீங்க. ஆனாக் கூலி குடுத்துட்டு நோவோட ஊருக்குத் திரும்புனா எங்கள ஆரு மதிப்பாங்க? அதனால நோவு போற வரைக்கும் இங்கயே இருந்துக்கறோமுங்க."

வெளியே போய் ஒரு சத்தம் கொடுத்தார். அத்தனை பேரும் முன்கட்டில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வாசற்படியில் இரண்டு பேர். டாக்டரின் பெட்டிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். நாய் மேஜைக்கு அடியில். குடுக்கை கைமாறியது; ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டு, குணம் தெரிகிறதா என்று பொறுமையாக எதிர்பார்த்தார்கள். பெண்கள் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள்.

"என்ன இது? எழுந்திருங்கள்! எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்?" என்றார் டாக்டர்.

"எனக்கு முட்டிவலி வந்து பத்து வருசமாச்சு சாமி," என்றார் சடையாயி அன்போடு. "போறதுக்கு எத்தன நாளாவுமோ, எனக்கெங்க தெரியும்? நீங்க உங்க சோலியப் பாருங்க. சோறு ஆனதும் உங்களுக்கும் ஒரு வாய் தாரேன்."

எருமைக்காரர் எழுந்து நின்றார். "எனக்குக் குணமாச்சான்னு தெரியோணும்னா எருமய இங்க புடிச்சாரணுமுங்களே. அனுப்பட்டுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அடுப்புப் புகை முன்கட்டில் நுழைந்தது. பெட்டியை மறுபடி திறந்தார்.

"பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்," என்றார் பழனியம்மாளிடம்.

எடுத்த விதத்தை நான் விவரிக்க முடியாது. வளைந்த முனையுள்ள ஊசிபோன்ற ஒன்றை அவர் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவரைதான் பார்த்தேன். அப்புறம் பார்த்தது கூரை ஓடு. என் முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள். (தண்ணீர் என்று நினைத்தேன். ரோஜா நிறமாக இருந்தது.) எழுந்து உட்கார்ந்தபோது மரகதம் உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உப்பிப் பிளந்த துவரம்பயறு. அதிலிருந்து வெள்ளையாக, நகக்கண் அளவுக்கு, ஒரு முளை.

"மொளச்சிருக்குதுப்பா! நீங்க சொன்னது நெசந்தான்!"

வாத்தியார் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

டாக்டர் கை கழுவினார். நல்ல மனிதர்தான். சவ்வுக்குச் சேதமில்லை, வீக்கம் வடிந்ததும் கேட்கும் என்று இரண்டு தடவை சொன்னார். ஆயுதத்துக்குக் காசு கேட்கவில்லை. கோட்டையும் என் தோளில் போட்டுவிட்டார். அதற்குள் முன்கட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குணமாகிவிட்டது. சடையாயி எழுந்து முட்டியை மடக்கி நீட்டிக் காட்டி, "தேவலாமுங்க" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குத் தலைவலி, காய்ச்சல் என்று வாயைத் திறக்க முடிவதில்லை. திறந்தால் பழனியம்மாள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நடந்து போறீங்களா, டோலி கட்டச் சொல்லட்டுங்களா?" மரகதமும் இப்போது வளர்ந்துவிட்டாள், தாயோடு சேர்ந்துகொண்டு அவளும் கேட்கிறாள். நான் மருந்தே சாப்பிடாமல் ஆரோக்கியமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அன்று சாயங்காலம் பஸ் வரவில்லை. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து வரும் கேஸில் ஓடுகிற பஸ். எந்த மேட்டில் மூச்சுத் திணறி நின்றதோ தெரியாது. டாக்டர் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் மரகதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் இடது காதைக் கையால் பொத்தி, வலது பக்கமாக மெதுவாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பதில் இல்லை. வீக்கம் வடிய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். என் நெஞ்சு அதைக் கேட்டால்தானே? மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மா இருங்கப்பா," என்றாள் மரகதம், பொத்திய கையை விலக்காமலே. "நீங்க கத்தறதுல அது கேக்க மாட்டேங்குது."

"எது கண்ணு?"

"தூரத்துல நெறையப் பேரு பேசிக்கிட்டு வாராங்க."

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழனியம்மாளுக்கும் கேட்கவில்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் கேட்கவில்லை என்றார். கேட்டது அவளுக்கு மட்டும், அந்தக் காதில் மட்டும். நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, கோட்டு நனைய, அத்தனை பேர் முன்னிலையிலும் வாய்விட்டு அழுதேன். டாக்டர்கூட மூக்கை உறிஞ்சினார்.

அப்புறம் எனக்கும் கேட்டது.

காரவள்ளிப் பக்கத்துப் பாதைத் திருப்பத்தில் புழுதி எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து தலைப்பாகைகள் வந்தன. கூடைகள் வந்தன. குழந்தைகள் வந்தன. நாய்கள் வந்தன. எல்லோருக்கும் முன்னால் மூச்சிரைக்க ஓடி வந்த பெரியவர், எங்கள் ஊருக்கு அடுத்த ஊரின் கவுண்டர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, கைகூப்பிச் சொன்னார்:

"ஏனுங்க வாத்தியாரே, டோலி எறங்குன சேதி எங்களுக்கு உச்சிப்பொழுதுக்குத்தானுங்க வந்துச்சு. சொல்லாம வந்துட்டீங்கன்னு கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நேரங்கழிச்சு வந்ததுக்கு, ஊட்டுக்கு ஒருத்தருன்னு இல்லாம மொத்த ஊரும் வந்திருக்கறோமுங்க. டாக்டருகிட்ட மொதல்ல ஆரு கையக் காட்டோணும்?"